சம்பளம் கொடுத்தால் போட்டி கெட்டுப்போகுமா? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் நான்கு வழிகள்

மாணவ வீரர்களுக்குக் காசு கொடுத்தால் பணக்காரப் பல்கலைக்கழகங்கள் திறமைசாலிகளை வளைத்துப் போட்டுக்கொள்ளும், மற்றவை ஒதுங்க வேண்டியதுதான் என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் பழைய வாதம். எட் ஓபேனன் வழக்கிலும் அதைச் சொல்லிப் பார்த்தது. 1995-ல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் கூடைப்பந்துப் பட்டம் வென்றபோது அதன் நட்சத்திரம் ஓபேனன். பின்னாளில் ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒருவன் ஆடுவதைப் பார்த்துவிட்டு, தனக்குச் சல்லிக்காசு வரவில்லையே என்று 2009-ல் நீதிமன்றம் போனார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன் என்.சி.ஏ.ஏ.வின் சமநிலை வாதத்தை ஏற்கவில்லை. வீரர்களுக்குக் கொடுக்காத பணத்தைப் பெரிய பல்கலைக்கழகங்கள் பயிற்சியாளர்களுக்கும் கட்டடங்களுக்கும் கொட்டுகின்றன, அப்புறம் எங்கே சமநிலை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

அதன்பிறகு விதிகள் தலைகீழாக மாறிவிட்டன. இதுவரை நடந்ததை வைத்தே எந்த வழியில் போட்டி பிழைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஸ்காலர்ஷிப் மட்டும்

2021 வரை இதுதான் விதி. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கிடைக்கும். வெளியில் யாரிடமாவது பணம் வாங்கினால் தண்டனை. ஆனால் இந்தக் காலத்தில்தான் பயிற்சியாளர் நிக் சேபனின் அலபாமா பல்கலைக்கழக அணி 2009-க்கும் 2020-க்கும் இடையில் ஆறு முறை ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. எல்லோரும் ஒரே ஸ்காலர்ஷிப்தான் தர முடியும் என்றால் பையன் எங்கே போவான்? பெரிய மைதானம், பேர்பெற்ற பயிற்சியாளர், தொலைக்காட்சி வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கேதான். மறைவாகக் கைமாறிய பணமும் உண்டு. அப்படிக் கொடுத்து மாட்டிக்கொண்ட சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் 1987 ஃபுட்பால் சீசனையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது.

இந்த முறையில் போட்டியைக் காப்பாற்றிய விதி ஒன்று இருந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு ஃபுட்பால் அணி எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப் தரலாம் என்று 1973-ல் 105 என வரம்பு வைத்தார்கள். 1978-ல் அது 95 ஆனது, 1992 முதல் படிப்படியாகக் குறைந்து 1994-ல் 85. பெரிய அணிகள் ஆளைச் சேர்த்துப் பெஞ்சில் உட்காரவைக்கும் பழக்கத்துக்கு இது கடிவாளம் போட்டது. மிஞ்சிய நல்ல ஆட்கள் மற்ற ஊர்களுக்குப் போனார்கள்.

திறந்த சந்தை

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்றானது. விளம்பர வருமானம் என்று ஆரம்பித்தது, சில மாதங்களிலேயே நன்கொடையாளர்கள் கூட்டாகப் பணம் திரட்டி அணிக்கு ஆள் பிடிக்கும் வேலையாகிவிட்டது. அதே ஆண்டு, ஓராண்டு ஆடாமல் காத்திருக்காமலே ஒருமுறை பல்கலைக்கழகம் மாறலாம் என்ற சலுகையும் வந்தது. 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றாயிற்று.

ஃபுட்பாலில் இதன் விளைவு என்.சி.ஏ.ஏ. பயமுறுத்தியதற்கு நேர் எதிர். இந்தியானா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றிலேயே அதிகத் தோல்வி கண்ட பெரிய அணி என்ற அவப்பெயர் அதற்கு இருந்தது. 2023 கடைசியில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். பழைய அணியின் வீரர்கள் பலர் பின்னாலேயே வந்தார்கள். அடுத்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து, பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார். 2026 ஜனவரியில் மயாமியை வீழ்த்தி, ஒரு தோல்விகூட இல்லாமல் 16 வெற்றியோடு பட்டம். பழைய விதியில் இப்படி ஓர் அணியை இரண்டே ஆண்டில் கட்டியிருக்கவே முடியாது. பெரிய அணியில் காத்துக்கிடந்தவன் வேறிடத்தில் ஆடவும் முடிகிறது, சம்பாதிக்கவும் முடிகிறது. ஆனால் இந்தியானா ஏழையல்ல. பிக் டென் என்ற பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புக்கு வரும் தொலைக்காட்சிப் பணத்தில் அதற்கும் பங்குண்டு. மேல்தட்டுக்குள்தான் போட்டி சமமானது.

கீழ்த்தட்டின் கதையைக் கூடைப்பந்தில் பார்க்கலாம். அதன் தேசியப் போட்டி ஒவ்வொரு மார்ச்சிலும் நான்கு பிரிவுகளாக நடக்கும்; ஒவ்வொரு பிரிவிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரவரிசை உண்டு. 2022 மார்ச்சில் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னப் பல்கலைக்கழகம் கென்டக்கியையும் பர்டியூவையும் தோற்கடித்தது. 15-ஆம் தரவரிசையில் நுழைந்த ஓர் அணி கடைசி எட்டுக்குள் வந்தது அதுவே முதல்முறை. மீசையோடு ஆடிய டக் எடர்ட்டுக்கு ஓர் உணவகச் சங்கிலியின் விளம்பரமும் கிடைத்தது. சில வாரங்களில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே செட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார்; எடர்ட் உட்பட வீரர்கள் பலரும் இடம் மாறினார்கள். அடுத்த ஆண்டு அது பழைய அணியாகவே இல்லை. பயிற்சியாளர்கள் எந்தக் காலத்திலும் இப்படிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள் என்பதால் வீரர்களை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். 2025 மார்ச் போட்டியில் கடைசி 16-க்குள் சின்னக் கூட்டமைப்பு அணி ஒன்றுகூட இல்லை. கடைசி நான்கும் அவரவர் பிரிவில் முதல் தரவரிசை பெற்றவையே. சின்ன அணி வளர்த்தெடுக்கும் வீரனைப் பெரிய அணி கூப்பிட்டுக்கொள்கிறது, வளர்த்தவர்களுக்கு ஈடாக ஒன்றும் கிடைப்பதில்லை.

உச்சவரம்போடு பங்கு

2025 ஜூனில், என்.சி.ஏ.ஏ.மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தவரும் அதே வில்கன். பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர்; இனி பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம், முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை. காகிதத்தில் எல்லோருக்கும் ஒரே வரம்பு. ஆனால் அவ்வளவையும் கொடுக்கக்கூடிய பல்கலைக்கழகங்கள் சிலதான், அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகிறது. வெளி விளம்பர ஒப்பந்தங்கள் இந்தக் கணக்கில் வராது. 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தங்களைச் சரிபார்க்கத் தனி ஏற்பாடு இருக்கிறது என்றாலும், செல்வாக்குள்ள நன்கொடையாளருக்கு வழியா இல்லை?

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. ஃபுட்பாலின் 85 ஸ்காலர்ஷிப் வரம்பை எடுத்துவிட்டு, அணியில் 105 பேர் வரை இருக்கலாம், எல்லோருக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம் என்று மாற்றிவிட்டார்கள். போட்டியைக் காத்த ஒரே பழைய விதியை, சமநிலை பேசிக்கொண்டே 1973-க்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

உட்கார்ந்து பேசி ஒப்பந்தம்

தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லில் சம்பள வரம்பு சட்டப்படி நிற்பதற்குக் காரணம், வீரர் சங்கம் பேரம் பேசிக் கையெழுத்திட்டது. அங்கே அணிகள் குறைந்தபட்சம் இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கல்லூரிகளில் இந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தது டார்ட்மவுத் கூடைப்பந்து அணி. 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். அந்த ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லாப் பல்கலைக்கழகத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது சிரமம், அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலச் சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. இருந்தும் நான்கில் என் ஓட்டு இதற்குத்தான். ஒப்பந்தத்தில் வீரரும் கையெழுத்திட்டால், இத்தனை ஆண்டு இங்கேயே ஆடுவேன் என்பதையும் அதில் எழுதலாம், ஆளை வளர்த்த சின்னப் பல்கலைக்கழகத்துக்கு இடமாற்றத் தொகையும் கேட்கலாம். செயின்ட் பீட்டர்ஸ் போன்ற அணிக்கு மற்ற மூன்று வழிகளும் இதில் ஒன்றையும் தரவில்லை.

2025-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்த ஸ்கோர் மசோதா போவது எதிர்த் திசையில். வீரர்கள் ஊழியர்கள் அல்ல என்று அது எழுதிவைக்கப் பார்க்கிறது; விதி வகுப்பவர்கள்மீது வழக்குத் தொடர முடியாதபடி பாதுகாப்பும் கொடுக்கிறது. அது நிறைவேறினால் வரம்பு எவ்வளவு, அணியில் எத்தனை பேர், யார் எங்கே மாறலாம் என்பதெல்லாம் ஆடுகிறவர்கள் இல்லாத அறையிலேயே முடிவாகும்.