வலப்பக்கத்தில் ‘பெண்’ என்று மட்டும் இருக்கும் கையேடு

இந்தக் கையேட்டைத் தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். முப்பது பக்கம்தான். பாலின முன்முடிவுகளை எதிர்கொள்வதற்காக உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. சந்திரசூட் தலைமை நீதிபதியாக இருந்தபோது வந்தது, முன்னுரையும் அவருடையதுதான். நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீதிபதிகளையும் வழக்கறிஞர்களையும் மனதில் வைத்து எழுதியது. நான் தமிழ்ப் பிரதிகளை எடிட் செய்கிறவள். சிறுகதை, தன்வரலாறு, கட்டுரைத் தொகுப்பு என்று சிறிய பதிப்பகங்கள் அனுப்புவதைப் பார்த்துக் கொடுப்பேன். இரண்டு வருடத்துக்கும் மேலாக இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இதன் உயிர் அந்தச் சொல் அட்டவணைதான். இடப்பக்கம் தவிர்க்க வேண்டிய சொல், வலப்பக்கம் அதற்குப் பதிலாக எழுத வேண்டியது. முதல்முறை படித்தபோது என்னை நிறுத்தியது வலப்பக்கம். ‘கற்புள்ள பெண்’ என்பதற்கு எதிரே ‘பெண்’. ‘வேலையே கதி என்று இருக்கும் பெண்’ என்ற பொருளில் வருவதற்கு எதிரே ‘பெண்’. ‘நெறி தவறியவள்’, ‘இந்தியப் பெண்’, ‘மேற்கத்தியப் பெண்’ எல்லாவற்றுக்கும் அதே ஒரு சொல். நல்ல மனைவி, பணிவான மனைவி என்றால் எதிரே ‘மனைவி’. ‘மணமாகாத தாய்’ என்றால் ‘தாய்’. உடையைக் குறை சொல்லும் அடைமொழியை நீக்கினால் மிஞ்சுவது ‘உடை’.

எனக்கு இதில் கிடைத்தது பெரிய விஷயம். பாரபட்சமான ஒரு சொல்லைப் பார்த்தால் அதற்கு நாகரிகமான மாற்றுச்சொல் தேடித்தான் நாங்கள் மெனக்கெடுவோம். பாதி இடங்களில் மாற்றே வேண்டாம், அடைமொழியை எடுத்துவிட்டால் போதும். எழுத்தாளரிடமும் இதைச் சொல்வது சுலபம். “இந்தச் சொல்லை மாற்றுங்கள்” என்றால் சண்டைக்கு வருவார்கள். “இதை எடுத்தால் வாக்கியத்தில் என்ன குறைகிறது?” என்று ஓரத்தில் எழுதிக் கேட்டால் யோசிப்பார்கள்.

அட்டவணைக்கு அப்புறம் பொதுப்புத்தியில் ஊறிய எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும் பகுதி வருகிறது. ஆதிக்கச் சாதி ஆண் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணைத் தொடமாட்டான், எனவே அவள் புகார் பொய்யாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தையும் அதில் சேர்த்து, பாலியல் வன்முறை காலங்காலமாகச் சாதி அடக்குமுறைக்குக் கருவியாக இருந்திருக்கிறது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்துக் கதை எடிட் செய்கிற எவரும் இந்த ஒரு பக்கத்தையாவது படிக்க வேண்டும். கடைசிப் பகுதி தீர்ப்புகளைப் பற்றியது. குற்றக்கதை எழுதுபவர்களுக்கு உதவும்.

சரி, தமிழுக்கு வருவோம். அட்டவணையை அப்படியே மொழிபெயர்த்தால் வேலை ஆகாது. நம் செய்திகளிலும் கதைகளிலும் புழங்கும் சொற்களின் வேர் வேறு. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பெண்ணிடம் ஏதோ அழிந்துபோனதாகச் சொல்கிறது. இன்றும் வரும் பிரதிகளில் பத்துக்கு மூன்றில் இதைப் பார்க்கிறேன். மாற்றாக ‘பாலியல் வன்கொடுமை’ என்று போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தகாத முறையில் தொட்டதற்கும் அதே சொல், வன்புணர்வுக்கும் அதே சொல் என்றால், என்ன நடந்தது என்றே வாசகருக்குத் தெரியாமல் போகிறது. வன்புணர்வு என்றால் வன்புணர்வு என்றே எழுதச் சொல்கிறேன். அதேபோல ‘சில்மிஷம்’. “சிறுமியிடம் சில்மிஷம்” என்று தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு பதறுகிறது. குழந்தை மீது நடந்த குற்றத்துக்கு விளையாட்டுப் பெயர் வைக்கலாமா?

கையேடு ‘ஈவ் டீசிங்’ வேண்டாம், தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுதுங்கள் என்கிறது. தமிழ்நாட்டில் 1998இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. பிறகு திருத்தி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று ஆக்கினார்கள். சட்டமே விட்டுவிட்ட சொல்லை நம் கதைசொல்லிகள் இன்னும் விடவில்லை. ‘வாழாவெட்டி’, ‘மலடி’ போன்ற சொற்களுக்குக் கையேட்டில் நேரான இணை கிடையாது. நானே தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வலப்பக்கமும் கல்வெட்டு இல்லை. முதலில் ‘பாலியல் தொழிலாளி’ என்று எழுதச் சொன்னார்கள். ஆள்கடத்தலுக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகள் மறுப்புச் சொன்ன பிறகு, 2023 நவம்பரில் அதை மாற்றி, கடத்தப்பட்டவர், வணிகப் பாலியல் செயல்பாட்டில் ஈடுபட்டிருக்கும் பெண் என்ற மாதிரியான நீண்ட தொடர்களைக் கொண்டுவர முடிவு செய்தார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொழிலாளி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களின் தன்வரலாற்றில் அந்தச் சொல் அவர்களுடையது. அதில் நான் கை வைக்கமாட்டேன்.

பெரிய போதாமை, இதில் பாலினம் மட்டுமே முழுசாக இருப்பது. மாற்றுத்திறனாளிகள் குறித்து 2024 செப்டம்பரில் தனிக் கையேடு வந்தது, அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் ‘நொண்டிச்சாக்கு’, ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று பழமொழியிலேயே கிடப்பதை அதுவும் எடுத்துத் தராது. பால்புதுமையர் (குயர்), திருநர் (டிரான்ஸ்ஜெண்டர்) பற்றி எழுதும்போது, சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் வந்த சொற்பட்டியல்தான் கைகொடுக்கிறது. அது தமிழிலேயே இருப்பது பெரிய நிம்மதி.

இவை எதுவுமே தொடாத ஓர் இடம் இருக்கிறது: நம் வினைமுற்று. ஆங்கிலத்தில் கலெக்டருக்கும் கூலிக்காரருக்கும் வினை ஒன்றுதான். தமிழில் ஒருவரை உட்கார வைப்பதா நிற்க வைப்பதா என்பதை ‘ன்’, ‘ள்’, ‘ர்’ என்ற ஒற்றை எழுத்து முடிவு செய்துவிடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு தன்வரலாறு வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், எழுபது வயதைத் தாண்டியவர், நல்ல நடை. இளமைக்கால அத்தியாயத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். டாக்டரின் மனைவி வந்தார். ஆசிரியை சொன்னார். பாத்திரம் தேய்க்கிறவர் வந்தாள், தயிர் விற்கிறவர் அழுதாள், நாற்று நட்டவர்கள் பாடினாளுகள். ஒரே அத்தியாயத்தில் பதினோரு பெண்கள். கையால் வேலை செய்த ஒன்பது பேருக்கும் ‘ள்’, மற்ற இருவருக்கு ‘ர்’. கையேட்டின் அட்டவணையில் மாட்டக்கூடிய சொல் ஒன்றுகூட அந்த அத்தியாயத்தில் இல்லை.

திருத்தவில்லை. ஒன்பது இடத்திலும் கோடிட்டு, “கதைசொல்லியாக இன்று இவரை எப்படி அழைப்பீர்கள், ஐயா?” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து போன் செய்தார். குரலில் வருத்தம். “அந்தக் காலத்துல அப்படித்தாம்மா பேசினோம், நான் பொய்யா எழுத முடியுமா?” என்றார். உரையாடலில் அப்படியே இருக்கட்டும், உங்கள் அம்மா “வாடி” என்று கூப்பிட்டதை நான் தொடவே இல்லை, கதை சொல்லும் உங்கள் குரலை மட்டும் கேட்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பாத்திரம் தேய்த்தவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். “அம்மாவுக்கு டைஃபாய்டு வந்தப்ப அவங்கதான் என்னைத் தூக்கி வச்சிருந்தாங்க. ஒரு மாசம் அவங்க வீட்லதான் சாப்பிட்டேன்.”

பத்து நிமிடம் பேசினார். ஒருமுறைகூட ‘அவள்’ வரவில்லை. அதைச் சொன்னேன். “அப்படியா பேசினேன்?” என்று கேட்டுவிட்டு, பிரதியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

ஒரு வாரத்தில் வந்தது. ஒன்பதில் ஏழு இடத்தில் அவர் கையாலேயே ‘ர்’ ஆக்கியிருந்தார். தயிர் விற்றவருக்கும் இன்னொருவருக்கும் ‘ள்’ அப்படியே இருந்தது. இருவரும் தன்னைவிடச் சின்னவர்கள், கூட விளையாடியவர்கள் என்று ஓரத்தில் குறிப்பு. ஏற்றுக்கொண்டு அச்சுக்கு அனுப்பினேன்.