எரித்ரோபொய்டின் ஊசி: மூன்று வருடமாகப் போட்டுக்கொள்பவளின் அனுபவம்

எட்டாம் வகுப்பில் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முதலில் உறைத்தது. ஒரு பத்தியை முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது. முன் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்து, "டீச்சர், நான் வாசிக்கட்டுமா?" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். இருபத்து நான்கு வருடம் வாசித்துப் பழகிய குரல் எனக்கு. அன்று மாலையே ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஹீமோகுளோபின் 8.1 கிராம். சிறுநீரக நோய் நான்காம் நிலைக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையே பார்த்துக்கொண்டிருந்தோம், இதை யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எரித்ரோபொய்டின் ஊசிதான். அதில் இரண்டு வகை போட்டிருக்கிறேன்: முதல் ஒன்றரை வருடம் எப்போட்டின், அப்புறம் டார்பெப்போட்டின். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல மருந்து, என் குரலைத் திருப்பிக் கொடுத்த மருந்து. ஆனால் உடம்பில் இரும்பு இல்லாமல் இது வேலை செய்யாது, அவசரப்படுத்தினால் கெடுதல் செய்யும். இந்த இரண்டும் தெரியாததால் எனக்குப் பத்து வாரம் வீணானது.

ஊசி ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அதை உணர்ந்து எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் போய்ச் சேர்ந்தால்தான் எலும்பு மஜ்ஜை வேண்டிய அளவு சிவப்பணுக்களை உருவாக்கும். சிறுநீரகம் பழுதானால் இந்தச் சுரப்பும் குறைகிறது. போதாததற்கு, சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு நம்மைப் போன்றவர்கள் உடம்பில் அதற்கு முன்பே அழிந்துவிடுகிறது. "நல்லா சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று எனக்குச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவர்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இது சாப்பாட்டுக் குறையால் மட்டும் வருவதில்லை. பொட்டாசியத்தை அளந்து சாப்பிட வேண்டிய ஒருவர் கண்டதையும் கூடுதலாகச் சாப்பிட்டால் வேறு ஆபத்து வரும்.

இந்த மருந்து வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். யூஜின் கோல்ட்வாசர், டகாஜி மியாக்கே முதலானோர் 1977-ல் இந்த ஹார்மோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமா? கடும் ரத்தசோகை நோயாளிகளிடம் சேகரித்த சுமார் 2,500 லிட்டர் சிறுநீரிலிருந்து. அவ்வளவிலிருந்தும் கிடைத்தது சில மில்லிகிராம்தான். 1983-ல் இதற்கான மரபணுவைப் பிரித்தார்கள், 1989-ல் அமெரிக்காவில் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றுவதுதான் வழி. ரத்தம் ஏற்ற ஏற்ற, பிறருடைய திசுவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் உடம்பில் உருவாகலாம். பிறகு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகும். என் தம்பி சிறுநீரகம் தரத் தயாராக இருக்கிறான். அதனால் எனக்கு இது பாடப்புத்தகச் செய்தி இல்லை.

சரி, அந்தப் பத்து வாரத்துக்கு வருகிறேன். முதலில் போன இடத்தில் ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஊசி எழுதிக் கொடுத்தார்கள். வாரம் ஒன்று போட்டேன். பத்து வாரம் கழித்துப் பார்த்தால் 8.3. "டோஸைக் கூட்டிப் பார்க்கலாம்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, வேறு டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இரும்பு எவ்வளவு இருக்கிறது?" யாரும் பார்த்திருக்கவில்லை. பார்த்தபோது, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 62, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 13 சதவீதம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த 62-க்குப் பக்கத்தில் ஆய்வகச் சீட்டில் எந்தச் சிவப்புக் குறியும் இல்லை, 'இயல்பு' என்றே இருந்தது. சிறுநீரக நோயாளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நம் உடம்பில் ஓயாமல் ஓடும் அழற்சி ஃபெரிட்டினைத் தன்னால் உயர்த்திக் காட்டும். அதனால் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குக்கூட ஃபெரிட்டின் 100-க்குக் கீழே, செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு காலி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஹீமோகுளோபினுக்குள் இருப்பதே இரும்புதான். அது இல்லாமல் ஊசியை எவ்வளவு கூட்டினாலும் மஜ்ஜை என்ன செய்யும்? எனக்கு டோஸைக் கூட்டியிருந்தால் பக்கவிளைவு மட்டும்தான் கூடியிருக்கும்.

முதலில் இரும்பு மாத்திரை கொடுத்தார், ஆறு வாரம். மலச்சிக்கல் தாங்கவில்லை, செறிவு 15-ஐத் தாண்டவில்லை. அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகம் சுரக்கும், அது குடலிலேயே இரும்பைத் தடுத்துவிடும் என்று விளக்கினார். அதற்குப் பிறகுதான் ட்ரிப்ஸில் இரும்பு சுக்ரோஸ், ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், மொத்தம் ஐந்து தடவை. ஏறும்போது வாயில் உலோகச் சுவை வரும், அவ்வளவுதான். முடிந்த பிறகும் அரை மணி நேரம் நர்ஸ் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார். அபூர்வமாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் அந்த அரை மணி நேரத்தை அவசரப்படுத்தாதீர்கள். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருந்தால் அன்றைக்கு ஏற்ற மாட்டார்கள், அதுவும் சரிதான்.

அதே ஊசி, அதே டோஸ். அடுத்த மாதம் 9.2.

அதன் பிறகு வந்த இரண்டு வாரத்தில் 10.7-க்குத் தாவியது. எனக்கு ஒரே சந்தோஷம், டாக்டர் முகத்தில் அது இல்லை. இரண்டு வாரத்தில் ஒரு கிராமுக்கு மேல் ஏறக் கூடாதாம். அந்த வாரமே தலைவலி தொடங்கியது, ரத்த அழுத்தம் 168-க்கு 100. டோஸைக் குறைத்தார், அழுத்த மாத்திரையைக் கூட்டினார். ரத்த அழுத்தம் ஏறுவதுதான் இந்த ஊசியில் அதிகம் பேருக்கு வரும் தொல்லை. ஊசியோடு சேர்த்து வீட்டில் ஒரு பிரஷர் மிஷினும் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு நாள், "பதின்மூன்றுக்குக் கொண்டுபோங்களேன், எல்லோரையும்போல இருந்துவிட்டுப் போகிறேன்" என்று கேட்டேன். கேட்பது இயல்புதான். முதன்முதலில் இந்த மருந்து வந்தபோது மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் 13.5-ஐக் குறிவைத்தவர்களுக்கு, 11.3-ஐக் குறிவைத்தவர்களைவிட மரணமும் இதயக் கோளாறும் அதிகமாயின. 2009-ல் வந்த ஆய்வில் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ள ஏறத்தாழ 4,000 பேரில், 13-ஐக் குறிவைத்த பக்கம் பக்கவாதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைக் கேட்ட பிறகு நான் பதின்மூன்றைப் பற்றிப் பேசவில்லை. 10-க்கும் 11.5-க்கும் நடுவில் இருந்தால் போதும் என்பது எங்கள் ஒப்பந்தம். அந்த இடத்தில் எனக்கு மூச்சு வாங்குவதில்லை, ராத்திரி கால் குளிர்வதில்லை.

இப்போது பொருளைப் பற்றி. எப்போட்டின் எனக்கு வாரம் ஒரு முறை. டார்பெப்போட்டின் உடம்பில் மூன்று மடங்கு நேரம் தங்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒன்று போதுமாக இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. எரிச்சல் என்னவோ டார்பெப்போட்டினில்தான் எனக்குக் கூடுதல். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் பாதி குறைகிறது. வெந்நீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. வயிறு, தொடை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுகிறேன். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு முறை உறைபெட்டியின் சுவரை ஒட்டி வைத்துவிட்டேன், மருந்து உறைந்துபோனது. உருகிய பிறகு பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஆனாலும் உறைந்ததைப் போடக் கூடாது என்பதால் தூக்கிப் போட்டேன். அன்று முழுக்க வருத்தமாக இருந்தது. அதிலிருந்து நடுத்தட்டில், ஒரு மூடிய டப்பாவுக்குள் வைக்கிறேன்.

போன வருடம் காரணமே இல்லாமல் 9.3-க்கு இறங்கியது. இரும்பு சரியாக இருந்தது, ஊசி தவறவில்லை. கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ். எனக்குப் பெரிய வலிகூட இல்லை. பல்லை எடுத்து, தொற்று ஆறி, இரண்டு மாதத்தில் எண் பழைய இடத்துக்கு வந்தது. ஊசி திடீரென்று கேட்காமல் போனால் டோஸைக் கூட்டுவதற்கு முன்னால் உடம்பில் எங்காவது தொற்றோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பதை இந்தப் பல்தான் எனக்குக் காட்டியது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று ரத்த அழுத்தத்துக்காக.

மாத்திரையும் வந்துவிட்டது. ரோக்ஸாடுஸ்டாட், டாப்ரோடுஸ்டாட் என்று பெயர்கள். உடம்பு ஆக்ஸிஜன் குறைவை உணரும் வழியைக் கண்டுபிடித்ததற்கு 2019-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது அல்லவா, அந்த வழியைத் தூண்டி நம் உடம்பையே எரித்ரோபொய்டின் சுரக்க வைக்கும் மாத்திரைகள் இவை. ஃபிரிட்ஜ் வேண்டாம், ஊசி வேண்டாம். இவற்றிலும் ரத்தம் உறையும் ஆபத்து பற்றிய எச்சரிக்கை உண்டு. நான் சாப்பிட்டதில்லை, அதனால் மதிப்பெண் போட முடியாது. ஊசி நன்றாக ஒத்துப்போகும்போது மாற்ற வேண்டாம் என்கிறார் டாக்டர், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

தம்பிக்கான பரிசோதனைகள் அடுத்த மாதம் தொடங்குகின்றன. அவன் சிறுநீரகம் பொருந்தி நன்றாக வேலை செய்தால், இந்த ஹார்மோனையும் அதுவே சுரக்கும். அதுவரை நடுத்தட்டில் டப்பா இருக்கும். அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை.