லினக்ஸில் இரட்டை டேக்: அடுக்குவதா, பிரிட்ஜில் விடுவதா, விதி எழுதுவதா?

விலான் என்பது ஒரே கம்பியில் பல தனி வலைகளைப் பிரித்து ஓட்டும் முறை. எது எந்த வலைக்கு என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் (வலையில் போகும் தரவுத் துண்டு) ஒட்டும் விலான் டேக் ஒன்றுக்கு 4 பைட். அதில் எண்ணுக்கென்று இருப்பது 12 பிட்தான்; 4094 விலான்களோடு தீர்ந்துவிடும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன் விருப்பத்துக்கு 10, 20 என்று எண் வைத்திருக்க, எல்லாரையும் ஒரே லிங்கில் சுமக்கிற சேவையாளருக்கு இது எப்படிப் போதும்? டேக்கின் மேல் இன்னொரு டேக் வந்தது அதனால்தான். 802.1ஏடி தரத்தில் வெளி டேக்குக்கு 88ஏ8 என்ற தனி அடையாளம். உள்ளே சாதாரண டேக்கின் பழைய அடையாளமான 8100. லினக்ஸில் இதற்கான ஆதரவு 2013-ல், 3.10 கர்னலில் வந்தது. அதற்கு முன் 8100-க்கு மேல் 8100 என்று அடுக்கித்தான் சமாளித்தார்கள்.

எந்த வழியில் போனாலும் மாறாத ஒன்று உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டோடும் கர்னல் வைத்திருக்கும் விவரக்குறிப்பில் ஒரே ஒரு டேக்குக்குத்தான் இடம். இரண்டாவது டேக் பாக்கெட்டின் பைட்டுகளோடேயே கிடக்கும். டிரைவர் வேறு மாதிரி சொல்லாதவரை, இரட்டை டேக் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்ஓ (பெரிய தரவை நெட்வொர்க் கார்டே துண்டுகளாக வெட்டி அனுப்புவது) வசதியையும் கர்னல் நிறுத்திவிடும். வெட்டும் வேலை சிபியு தலையில் விழும்.

முதல் வழி, விலான் இன்டர்ஃபேஸின் மேல் இன்னொரு விலான் இன்டர்ஃபேஸ். படிக்க எளிது, ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி, தனி கணக்கு, தனி ஃபயர்வால் விதி. பெட்டியே வாடிக்கையாளரின் கேட்வேயாக இருக்கிறதென்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். ஆனால் வெளி, உள் எண் ஜோடி ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் வேண்டும். ஆயிரக்கணக்கில் ஏறும்போது நிர்வாகம் கனக்கும். பெயரும் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது. இன்றைய நீளமான கார்டு பெயர்களுக்குப் பின்னால் இரண்டு எண்ணையும் புள்ளி வைத்து ஒட்டினால் பல நேரம் கர்னல் ஏற்காது.

பிரிட்ஜ் (லினக்ஸுக்குள்ளேயே ஓடும் ஸ்விட்ச்) வழி கடத்திவிடுவதற்கானது. 3.16 கர்னலிலிருந்து பிரிட்ஜின் விலான் நெறியை 802.1ஏடி என்று மாற்றலாம். மாற்றியதும் 8100 டேக்கோடு வரும் ஃப்ரேமை அது டேக் இல்லாததாகவே எடுத்துக்கொண்டு, அந்தப் போர்ட்டின் இயல்பு எண்ணை வெளி டேக்காகப் போடும். உள்ளே என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு: இந்த நெறிக்கு மாறியவுடன் பிரிட்ஜ் தன் ஸ்பானிங் ட்ரீ (வலையில் வளையம் உருவாகாமல் தடுக்கும் நெறி) முகவரியின் கடைசி பைட்டை 00-விலிருந்து 08-ஆக மாற்றிக்கொள்கிறது. வாடிக்கையாளரின் ஸ்பானிங் ட்ரீ செய்திகள் நம் பிரிட்ஜில் மாட்டாமல் மறுகரைக்குப் போய்ச் சேரும். கையால் அடுக்கிய ஏற்பாட்டில் பலரும் மறந்துவிடும் இடம் இது.

மூன்றாவது, டிசி (கர்னல் வழியே போகும் பாக்கெட்டுகளை விதி வைத்துக் கையாளும் கருவி) விதிகள். டேக்கைச் சேர், கழற்று என்ற செயல்கள் 3.19-லும் மாற்று என்பது 4.9-லும் வந்தன, 4.19 முதல் அதன் ஃப்ளவர் வடிகட்டி உள் டேக்கையும் பொருத்திப் பார்க்கும். ஒரு வாடிக்கையாளரின் உள் எண்ணை வேறொன்றாக மாற்றி அனுப்ப வேண்டும், அல்லது வேலையைக் கார்டிடமே ஒப்படைக்க வேண்டும் என்றால் இதுதான் சரி. இன்டர்ஃபேஸ் பெருகாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஏதாவது உடைந்தால், இன்டர்ஃபேஸ் பட்டியலைப் பார்த்து ஒன்றும் புரியாது. விதி விதியாக எண்ணிக்கையைப் படிக்க வேண்டும். அந்தத் தேவை இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்றிலும் கடிக்கும் விஷயம் எம்டியு, அதாவது ஒரு ஃப்ரேமில் அடங்கும் சுமையின் உச்ச அளவு. 1500 பைட் சுமையோடு சாதாரண ஃப்ரேம் 1518, ஒரு டேக்கோடு 1522, இரண்டோடு 1526. லினக்ஸ் அடுக்கிய இன்டர்ஃபேஸுக்கும் 1500-ஐயே கொடுத்துவிடும். 1522-க்கு மேல் வாங்காத கார்டோ ஸ்விட்சோ வழியில் இருந்தால் ஃப்ரேம் சத்தமில்லாமல் விழும். சின்ன பிங் போகும், பெரிய கோப்பு நகராது. கீழே இருக்கும் கார்டின் எம்டியுவை 1504 ஆக்குங்கள், வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டியின் விலான் இயக்கி இங்கே கூடுதல் கவனம் காட்டுகிறது: டேக்கோடு முழு நீளத்தைத் தாங்குவதாகக் கார்டு சொல்லாவிட்டால் விலானுக்கு 1496 என்று தானே குறைத்துவிடும்.

பிஎஸ்டி பக்கம் பேச்சு வந்ததால்: ஃப்ரீபிஎஸ்டி 13 லினக்ஸ் போலவே விலான் இன்டர்ஃபேஸில் நெறியை ஒரு தேர்வாக வைத்திருக்கிறது. ஓபன்பிஎஸ்டி வெளி டேக்குக்கு எஸ்விலான் என்று தனி இன்டர்ஃபேஸ் வகையே கொடுக்கிறது. பெயரைப் பார்த்ததும் எது வெளி, எது உள் என்று தெரிவதால் எனக்கு இது மேலாகப் படுகிறது.

எதைத் தேர்ந்தாலும் டிசிபிடம்பில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) சோதிக்கும்போது வெளி எண்ணை முதலிலும் உள் எண்ணை அடுத்தும் எழுதுங்கள். வடிகட்டியில் ஒவ்வொரு விலான் சொல்லும் அதற்குப் பிறகு படிக்கும் இடத்தை 4 பைட் தள்ளிவிடும். ஒன்றை விட்டால் பின்னால் எழுதிய ஐபி நிபந்தனை எதையும் பிடிக்காது.