தூக்கில் தொங்கும் தயிர்: நான்கு வருட லப்னே அனுபவம்

முதன்முதலாக லப்னே செய்த இரவு, சமையலறைக் குழாயில் ஒரு துணி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். காலையில் எழுந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா தயிரைத் தூக்குல போட்டிருக்க?" என்று கேட்டார். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. பத்து நாளுக்கு ஒருமுறையாவது செய்வதால் நூறு தடவையைத் தாண்டியிருக்கும். மல் துணி, மாவுச் சல்லடை, காபி ஃபில்டர் தாள், இதற்கென்றே விற்கிற வலைப் பெட்டி, எல்லாவற்றிலும் செய்தாயிற்று. எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சமையலறைத் தராசைத்தான் சொல்வேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: லப்னே என்பது தயிரின் தண்ணீரை வடியவிட்டுக் கிடைக்கும் மென்மையான சீஸ். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கம் காலை உணவில் அன்றாடம் புழங்குவது. தட்டில் பரப்பி, கரண்டியால் குழித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ஜாத்தர் (உலர் மூலிகையும் எள்ளும் கலந்த) பொடி தூவி, ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவார்கள். வெள்ளை என்று பொருள்படும் செமிட்டிக் வேர்ச்சொல்லிலிருந்து வந்த பெயர். பாலைத் திரட்டும் ரென்னெட் நொதி கிடையாது, அடுப்பும் கிடையாது. பால் தயிரானபோதே புளிப்பு பாலின் புரதத்தை இறுக்கிவிட்டது. நாம் செய்வதெல்லாம் தண்ணீரைப் பிரித்து அனுப்புவது மட்டும்தான். அதனால் இதைச் சீஸ் என்று சொல்லலாமா என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. நான் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் நான் கடிகாரத்தை நம்பினேன். பார்த்த குறிப்புகளெல்லாம் "12 மணி நேரம்", "24 மணி நேரம்", "ஓர் இரவு" என்றே இருந்தன. ஒருநாள் 12 மணி நேரத்தில் கத்தியால் வெட்டுகிற பதத்தில் வரும். அடுத்த வாரம் அதே 12 மணி நேரத்தில் கரண்டியிலிருந்து வழியும். துணி அடர்த்தியா, தயிர் சில்லென்று இருந்ததா, மூட்டை உருண்டையா பரந்ததா என்று எல்லாமே நேரத்தை மாற்றுகிறது. அப்புறம் ஒருநாள் எரிச்சலில், வடிந்த தண்ணீரை எடை போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

கொழுப்பு எடுக்காத பசும்பால் தயிர் 1 கிலோவுக்கு என் கணக்கு இது. பாதி எடை தண்ணீராக இறங்கி 500 கிராம் மிஞ்சினால் கெட்டியான கிரேக்கத் தயிர் போல இருக்கும், பழத்தோடு சாப்பிட நல்லது. 400 கிராமுக்கு வந்தால் ரொட்டியில் தடவும் பதம், நான் லப்னே என்று சொல்வது இதைத்தான். 300 கிராமுக்கு இறங்கினால் உள்ளங்கையில் உருட்டலாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் முதல் பதத்துக்குச் சுமார் 8 மணி நேரம், இரண்டாவதற்கு ஒரு நாள், மூன்றாவதற்கு இரண்டு நாளும் மேலே கொஞ்சம் பாரமும் எனக்கு ஆகிறது. உங்கள் வீட்டில் நேரம் மாறும், எடை மாறாது. கீழே இருக்கும் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பார்த்தால் போதும், மூட்டையைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. எருமைப் பாலில் திடப்பொருள் அதிகம் என்பதால் அதே பதத்துக்குக் குறைவான தண்ணீரே இறங்கும். அந்தத் தயிர் கிடைத்தால் மிஞ்ச வேண்டிய எடையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சரி, தயிர். இந்த வேலையில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒருமுறை அவசரத்துக்கு ஒரு டப்பாத் தயிர் வாங்கி வந்து தொங்கவிட்டேன். ஒரு ராத்திரி முழுக்கச் சேர்ந்து கீழே இறங்கியது இரண்டு தேக்கரண்டி. மாவுச்சத்தும் ஜெலட்டினும் சேர்த்த தயிர் என்பதைக் காலையில்தான் டப்பாவின் பின்பக்கத்தில் படித்தேன். தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காகவே சேர்க்கிற பொருள்கள் அவை. அப்படிப்பட்ட தயிரில் தண்ணீர் வடியாமல் போவதுதான் நியாயம். பாலும் உறையும் தவிர வேறு எதுவும் எழுதாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் தோய்ப்பதாக இருந்தால் பாலைப் பொங்கவிட்டு உடனே இறக்கிவிடாமல், 85 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு 20 நிமிடம் வைத்திருப்பது பெரிய வித்தியாசம் தருகிறது. அந்தச் சூட்டில் பாலில் கரைந்திருக்கும் வே புரதம் உருக்குலைந்து, பாலின் முக்கியப் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்கிறது. தயிர் கெட்டியாகத் தோய்வதோடு, தண்ணீரோடு போயிருக்க வேண்டிய புரதமும் துணிக்குள்ளேயே தங்குகிறது. பிறகு 43 டிகிரிக்கு ஆறவிட்டு உறை ஊற்றுகிறேன். தோய்ந்ததும் நேராகக் குளிரில். புளிக்கட்டும் என்று விட்டால் லப்னேயும் புளிக்கும். துணியில் தொங்கும்போதும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை, அறைச் சூட்டில் இன்னும் வேகமாக நடக்கும். அம்மா பார்த்த அந்த முதல் மூட்டை வாயில் வைக்க முடியாத புளிப்பு. இப்போது குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே தொங்கவிடுவதே இல்லை.

கொழுப்பு நீக்கிய பாலிலும் மூன்று நான்கு முறை செய்தேன். புரதம் நிறைய, உடம்புக்கு நல்லது என்ற எண்ணம்தான். சுண்ணாம்புக் கட்டியை நாக்கில் தடவியது போல வறண்டு கிடந்தது. எண்ணெய் ஊற்றினால் சாப்பிடலாம், ஆனால் எண்ணெய் ஊற்றுவதாக இருந்தால் கொழுப்பை எதற்கு எடுக்க வேண்டும்?

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு எச்சரிக்கையைத் தவிர. வாசனையுள்ள சோப்புத் தூளில் துவைத்த துணியில் ஒருமுறை கட்டினேன். அந்த லப்னே மல்லிகைப் பூ மணத்தோடு வந்தது. முழுதாகக் கொட்டினேன். இப்போது பயன்படுத்தியவுடன் பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைக்கிறேன். நேராக வெந்நீரில் போட்டால் புரதம் நூலிழைகளில் வெந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு லேசில் போகாது. மருந்துக் கடையில் காயத்துக்குக் கட்டுகிற சல்லாத் துணி வேண்டாம். நான்காக மடித்தும் தயிர் ஓட்டை வழியே இறங்கியது.

கீழே விழும் தண்ணீர் தெளிவாக, இளம்பச்சை கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும். அந்த நிறம் ரைபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினுடையது. வெள்ளையாகக் கலங்கி வந்தால் தயிர் தப்பித்துப் போகிறது என்று அர்த்தம். முதல் சில நிமிடம் அப்படித்தான் வரும். அதை மறுபடி மேலே ஊற்றிவிடுகிறேன். தயிரை அடித்துக் கலக்கி ஊற்றாமல், கரண்டியால் பாளம் பாளமாக எடுத்து வைத்தால் கலங்கல் குறைவு.

இரண்டாம் வருடம் வலைப் பெட்டி வாங்கினேன். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மெல்லிய வலை வைத்த கூடை, மேலே மூடி. முதல் மாதம் சொர்க்கம். கட்ட வேண்டாம், தொங்கவிட வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் செங்கல் போல உட்கார்ந்துகொள்ளும், மற்ற பண்டங்களின் வாடையும் ஏறாது. ஆறு மாதத்தில் வடிவது மெதுவானது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பாதிக் கண்கள் அடைத்திருந்தன. வெளிப்பக்கத்திலிருந்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நீர்த்த வினிகரில் ஊறவைத்ததும் சரியானது. மாதம் ஒருமுறை இது செய்தே ஆக வேண்டும். இன்னொரு குறை, உருட்டும் பதத்துக்கு இதில் இறங்குவதில்லை. துணியை முறுக்கலாம், மேலே பாரம் வைக்கலாம். வலையில் பாரம் வைத்தால் கூடை பிதுங்குகிறது. தடவும் பதம் மட்டும் போதும் என்பவர்கள் வாங்கலாம். துணி வீட்டிலேயே இருப்பவர்கள் முதல் பத்து தடவை அதிலேயே செய்துவிட்டு முடிவெடுங்கள்.

உருண்டைகளுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 300 கிராமுக்கு இறங்கியதை உப்பிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சை அளவுக்குச் சற்றுக் குறைவாக உருட்டி, தாளில் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் திறந்தபடி காயவிடுகிறேன். மேல்தோல் கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும் கண்ணாடிச் சீசாவில் அடுக்கி, மூழ்கும்வரை ஆலிவ் எண்ணெய். அந்த ஒரு நாள் பொறுமை இல்லாமல் ஈரத்தோடு போட்டால் அடியில் தண்ணீர் பிரிந்து எண்ணெயே கலங்கிப்போகும். ஓர் உருண்டை எண்ணெய்க்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தாலும் போச்சு, அதில்தான் முதலில் பூஞ்சை வரும். ஒரு சீசா முழுவதையும் அப்படி இழந்திருக்கிறேன். குளிரில் ஆலிவ் எண்ணெய் உறைந்து வெளுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அரை மணி நேரம் வெளியே வைத்தால் தெளிந்துவிடும்.

மணத்துக்காகப் பச்சைப் பூண்டைத் தட்டி அந்த எண்ணெயில் போடும் பழக்கம் எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. இப்போது இல்லை. காற்றுப்படாத எண்ணெய்க்குள் பூண்டு கிடப்பது, கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் கிருமிக்கு வசதியான இடம். லப்னேயின் புளிப்பு லப்னேயைக் காக்கும், பூண்டுக்குள் அந்தப் புளிப்பு இல்லை. உலர்ந்த இலைப் பொடி, மிளகு, காய்ந்த மிளகாய்ச் சில்லு இவற்றில் உருண்டைகளைப் புரட்டி எடுத்துக்கொள்கிறேன். பூண்டு வேண்டுமென்றால் சாப்பிடும் நேரத்தில்.

உப்பை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற கேள்விக்கு என் பதில் மாறிவிட்டது. முன்பெல்லாம் தயிரிலேயே கலந்துவிடுவேன். அதில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும், எவ்வளவு போனது என்று தெரியாது, தண்ணீரும் உப்புக் கரிக்கும். இப்போது வடிந்தபின் எடை போட்டு, 400 கிராமுக்கு 4 கிராம். ஒவ்வொரு தடவையும் ஒரே ருசி.

அந்தத் தண்ணீர்தான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான தலைவலி. 1 கிலோ தயிருக்கு 600 மில்லி அளவுக்குச் சேர்ந்துவிடும். கொட்ட மனம் வராது. பனீர் போல ஏதாவது கிடைக்குமா என்று கொதிக்கவைத்தேன். நாலு துணுக்கு மிதந்ததோடு சரி. கொதிக்கவைத்தால் ரிகோட்டா என்ற இத்தாலியச் சீஸாகத் திரளும் வே புரதம் பாலைச் சூடாக்கியபோதே தயிருக்குள் போய்விட்டது. பயறை அதில் வேகவைத்தேன், ஒரு மணி நேரம் கழித்தும் கல்லாகவே இருந்தது. புளிப்பில் பருப்பு வகைகள் எளிதில் மலராது. செடிக்கு அப்படியே ஊற்றினேன். உப்பிட்ட நாட்கள் அவை, இரண்டு தொட்டிகள் வாடிப்போயின. கடைசியில் தேறியது ரொட்டி மாவுதான். தண்ணீருக்குப் பதிலாக இதை ஊற்றிப் பிசைந்தால் லேசான புளிப்பு வரும், அதிலிருக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையால் மேல்தோல் நன்றாகச் சிவக்கும். மிச்சத்தைக் குளிரவைத்துக் குடித்துவிடுகிறேன். பாலில் இருந்த கால்சியத்தில் நல்லதொரு பங்கு புளிப்பில் கரைந்து இதற்குள் வந்துவிடுகிறது. லப்னேயில் புரதம் கூடும், கால்சியம் அதே அளவுக்குக் கூடாது.

கிரீம் சீஸுக்குப் பதிலாக இதைப் போட்டுச் சீஸ்கேக் சுடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சுடலாம், ஆனால் அதே கேக் வராது. கிரீம் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, இதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நான் செய்தது ஓரத்தில் வெடித்து, உள்ளே சற்று நெறுநெறுவென்று இருந்தது. சோளமாவு ஒரு கரண்டி சேர்த்த பிறகு தேறியது. குழம்பு, சாஸ் வகைகளிலும் அடுப்பை அணைத்தபின் கலக்குவதுதான் பத்திரம், கொதித்தால் திரிந்துவிடும்.

எவ்வளவு நாள் தாங்கும்? தடவும் பதத்தில், மூடிய டப்பாவில், சுத்தமான கரண்டியால் எடுத்தால் என் அனுபவத்தில் பத்து நாள். மேலே தண்ணீர் பிரிவது இயல்பு, வடித்துவிட்டுச் சாப்பிடலாம். மூடியைத் திறந்ததும் காற்றுப் பிதுங்கினாலோ, ரொட்டி மாவு புளித்த வாடை அடித்தாலோ, ஈஸ்ட் ஏறிவிட்டது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

வலைப் பெட்டியின் மூடி போன மாதம் கீழே விழுந்து உடைந்தது. மூடி மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. தட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒப்பேற்றி வருகிறேன். உருண்டைக்கு என்றைக்கும் போல மல் துணிதான், அம்மா இப்போது கேள்வி கேட்பதில்லை, சீசாவில் எத்தனை பாக்கி என்று மட்டும் பார்க்கிறார்.