ஷார்ப்ஸ் துப்பாக்கியா, விட்வொர்த்தா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் குறிசுடும் பிரிவான பெர்டான் படையில் சேர, 200 கஜத்திலிருந்து பத்துக் குண்டையும் பத்து அங்குல வட்டத்துக்குள் போட வேண்டும். தேறியவனுக்குப் பச்சைச் சீருடை, அப்புறம் ஷார்ப்ஸ் துப்பாக்கி. பின்பக்கமாகத் தோட்டா போடுவதால், படுத்தபடியே நிமிடத்துக்கு எட்டுப் பத்து முறை சுடலாம்.

தெற்கத்தியரிடம் இருந்தது இங்கிலாந்தின் விட்வொர்த். உட்துளை அறுகோணமான குழல், வாய்ப்பக்கமாகத் திணிக்கிற மெதுவான வேலை. விலையும் அதிகம், வந்து சேர்ந்ததும் கொஞ்சம்தான். அதனால் குறி தப்பாதவர்களுக்கே கொடுத்தார்கள். ஆனால் தூரத்தில் அதற்கு ஈடில்லை. 1864 மே 9, ஸ்பாட்சில்வேனியா: குனிந்து பதுங்கிய தன் வீரர்களைப் பார்த்து, "இந்தத் தூரத்தில் அவர்களால் யானையைக்கூடச் சுட முடியாது" என்று கேலி செய்தார் வடக்கின் தளபதி செட்ஜ்விக். சற்று நேரத்தில் இடக்கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து செத்தார். அது விட்வொர்த் குண்டு என்பதே பரவலான பேச்சு.

நெருங்கி வரும் எதிரி வரிசையைத் தடுக்க என்றால் யோசிக்காமல் ஷார்ப்ஸ்தான். தூரத்துப் பீரங்கிக்காரனை அடக்க மட்டும் விட்வொர்த்.