ஒழுங்கைக்குள் நுழைந்த பெல் எயார்: யாழ்ப்பாணத்துப் பழைய கார் வாடகைச் சேவை ஒன்று

யாழ்ப்பாணத்தில் கலியாணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுவது இப்போது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்று பிரித்தானியக் கார்களே நின்ற அந்த வரிசையில், நகருக்குச் சற்று வெளியேயுள்ள ஒரு வாடகை நிலையத்தார் 1957ஆம் ஆண்டுச் செவர்லே பெல் எயார் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். அக்காவின் மகளுடைய கலியாணத்துக்கு மாப்பிள்ளை காராக அந்தப் பெல் எயாரையும், பெண்வீட்டாருக்கென்று அதே நிலையத்தாரின் ஏ55 கேம்பிரிட்ஜையும் பிடித்தோம். இரண்டும் ஒரே வெயிலில், ஒரே வீதிகளில் ஓடியதால், அமெரிக்கக் காரின் மேல் இப்போது எழுந்துள்ள மோகத்துக்குக் காசு கொடுக்கலாமா என்ற கேள்விக்குக் கண்ணால் கண்டதை வைத்தே பதில் சொல்ல முடிகிறது.

தோற்றத்தில் குறை சொல்ல இடமே இல்லை. நீளம் 5 மீற்றருக்குச் சற்று அதிகம். அகலம் ஏறக்குறைய 1.88 மீற்றர். நாம் பழகிய மொறிஸ் மைனரின் நீளம் 3.76 மீற்றரும் அகலம் 1.52 மீற்றரும்தான் என்பதை நினைத்துக்கொண்டால், கலியாணப் பந்தலுக்கு முன்னால் அந்த வண்டி வந்து நின்றபோது மேளகாரர் உட்பட எல்லாருடைய தலையும் ஏன் திரும்பியது என்பது விளங்கும். கூரை வெள்ளை, உடல் இளம் நீலப்பச்சை, முன்பக்கக் கிறில் பொன்னிறம். பின்னே உயர்ந்து கூராகும் வால் துடுப்புகளின் பக்கங்களில், மெல்லிய வரிகள் ஓடிய அலுமினியத் தகடு பதித்திருக்கிறது. அந்தத் தகடும் பொன்னிறக் கிறில்லும்தான் அதே ஆண்டில் வந்த மலிவான 150, 210 வகைகளிலிருந்து பெல் எயாரைப் பிரித்துக் காட்டுபவை. எரிபொருள் ஊற்றும் வாய் வெளியே தெரியாது. இடப்பக்கத் துடுப்பின் பின்விளிம்பிலுள்ள குரோம் பட்டி ஒரு சிறு கதவாகத் திறக்க, மூடி உள்ளே இருக்கும். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டச் சொன்னார்கள். சாரதியும் சலிக்காமல் காட்டினார். அந்த வாய்க்குள் இப்போது ஊற்றப்படுவது பெற்றோல் அல்ல, டீசல் என்ற விடயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் துடுப்புகள் எதற்கும் பயன்படுவன அல்ல என்பதையும், அவற்றின் கவர்ச்சி அதிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். செவர்லே, கடிலாக் இரண்டையும் செய்த ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஹார்லி ஏர்ல், இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-38 லைட்னிங் விமானத்தின் இரட்டை வாலைக் கண்டு ஈர்க்கப்பட்டார்; அந்த ஈர்ப்பு 1948ஆம் ஆண்டுக் கடிலாக்கின் பின்பக்கத்தில் இரண்டு சிறு மேடுகளாகத் தோன்றியது. போர் முடிந்து, கையில் காசு புழங்கி, எரிபொருள் மலிந்து, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளும் போடப்படத் தொடங்கிய நாட்டில், அந்த மேடுகள் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து 1959ஆம் ஆண்டுக் கடிலாக்கில் உச்சத்தைத் தொட்டன. அந்தக் கடிலாக் எனக்கு ஒரு கோமாளித்தனமாகவே படுகிறது. 1957ஆம் ஆண்டுச் செவர்லேயில் துடுப்பு உண்டு, ஆனால் அளவு தெரிந்த துடுப்பு. அந்த ஆண்டு விற்பனையில் ஃபோர்ட் முந்திக்கொண்ட போதிலும், இன்று சேகரிப்போர் தேடுவது செவர்லேயைத்தான் என்பதில் எனக்கு வியப்பில்லை.

உள்ளே ஏறினால், கலியாணக் காராக இதற்குள்ள உண்மையான தகுதி தெரியவரும். இக்காலத்துச் சொகுசுக் கார்களில் மாப்பிள்ளை படும் பாடு தலைப்பாகையால் வருவது: கூரை தாழ்வு, கதவு சரிவு, ஏறும்போது ஒருவர் தலைப்பாகையைப் பிடிக்க, இறங்கும்போது இன்னொருவர் அதைச் சரிசெய்ய, அதையெல்லாம் வீடியோக்காரர் விடாமல் பிடிக்க, கடைசியில் படத்தில் நிற்பது மாப்பிள்ளையின் குனிந்த முதுகு. பெல் எயாரில் மாப்பிள்ளையும் தோழனும் தலைப்பாகையோடேயே ஏறி, நிமிர்ந்து இருந்து, அப்படியே இறங்கினார்கள். பின்னிருக்கை இடையில் பிரிவில்லாத ஒரே நீள இருக்கை என்பதால், தாலி கட்டி முடிந்து திரும்பும்போது கூறைச்சேலையை மடிக்காமலும் நசுக்காமலும் மணப்பெண் இருக்க முடிந்தது. இருக்கைகளுக்குப் புதிய றெக்சின் போட்டிருக்கிறார்கள். தையல் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் உச்சி வெயிலில் முதுகு ஒட்டிக்கொள்ளும். குளிரூட்டி கிடையாது. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் காற்று தாராளமாக வரும். அதோடு வீதிப் புழுதியும் வரும், பட்டுவேட்டிக்காரர் கவனிக்க.

இனி இயந்திரத்தின் மூடியான பொன்னற்றைத் திறப்போம். விளம்பரத்தில் இந்தக் கார் எல்லாம் பழையபடியே உள்ளது என்று போட்டிருந்தார்கள். பொன்னற்றின் முகப்பில் பொன்னிறத்தில் அகன்ற வீ வடிவச் சின்னம் ஒன்று பதித்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுச் செவர்லேயில் அந்தச் சின்னம் உள்ளே எட்டு சிலிண்டர் இயந்திரம் இருப்பதற்கான அடையாளம், ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு அது வைக்கப்படவில்லை. திறந்து பார்த்தால் எட்டும் இல்லை, ஆறும் இல்லை: நான்கு சிலிண்டர் ஜப்பானிய டீசல் இயந்திரம். ஸ்ரியறிங் தண்டில் இருக்கவேண்டிய கியர்த் தடியும் தரைக்கு வந்துவிட்டதால், முன்னிருக்கையின் நடுவில் ஒருவர் காலை நீட்டி இருக்க முடியாது. அமெரிக்கக் காரின் கவர்ச்சியில் பாதி அதன் ஒலியில் இருக்கிறது. பெரிய இயந்திரம் குறைந்த சுற்றில் அவசரமின்றி உறுமும் அந்தத் தாழ்ந்த ஒலியை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு, சாவியைத் திருப்பியதும் கேட்டது கொழும்புக்குப் பயணிகள் ஏற்றும் வானின் தடதடப்பு. கண்ணை மூடிக்கொண்டால் வவுனியா வரை போய்விடலாம்.

இயந்திரத்தை மாற்றியதற்காக நான் உரிமையாளரோடு சண்டை பிடிக்கமாட்டேன். பழைய வண்டியை ஓடவைப்பதற்கு என்னென்ன செய்யவேண்டியிருக்கும் என்பது யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போர்க்காலத்தில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சிறு போத்தலில் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய ஊர் இது. அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய பிரித்தானிய இயந்திரங்கள் புகையைக் கக்கிக்கொண்டேனும் அதைத் தாங்கின. அமெரிக்கக் கார்களுக்குப் பெயர்போன கியூபாவின் ஹவானாவிலும் இதே கதைதான். 1959ஆம் ஆண்டுப் புரட்சியையும் அதைத் தொடர்ந்து வந்த அமெரிக்க வர்த்தகத் தடையையும் அடுத்து, புதிய கார்களும் உதிரிப்பாகங்களும் வராமற்போக, செவர்லேகளும் பிளைமவுத்களும் வேற்றுநாட்டு இயந்திரங்களோடு இன்றும் அங்கே வாடகைக்கு ஓடுகின்றன. ஆகவே டீசல் போட்டது குற்றமல்ல. டீசலைப் போட்டுவிட்டு வீ சின்னத்தைக் குத்தியதும், எல்லாம் பழையபடியே என்று எழுதியதும்தான் குற்றம். இதைச் சொன்னபோது உரிமையாளர் சிரித்துவிட்டு, சின்னத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்றார்.

காரின் பிறப்பிடம் பற்றி அவர் சொன்னதை மட்டும் நம்பலாம் போலிருக்கிறது. வலப்பக்க ஸ்ரியறிங் உள்ள இந்த வண்டி கனடாவின் ஒஷாவா தொழிற்சாலையில் கட்டப்பட்டது என்றார். பொதுநலவாய நாடுகளுக்கான வலப்பக்கச் செவர்லேகள் அங்கே கட்டப்பட்டது உண்மை. கலியாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சான் ஒருவர் அந்த ஒஷாவாவுக்குப் பக்கத்தில்தான் வீடு வாங்கியிருக்கிறார். அங்கே இருபது வருடமாகப் பார்க்காத காரை இங்கே வந்து பார்த்ததாகச் சொல்லி, வண்டியின் நான்கு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அவர் எடுத்த படங்களைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. பெல் எயாரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் இளையவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும். ஊரிலேயே இருந்து மூத்தவர்கள் கேம்பிரிட்ஜின் பக்கம் நின்றார்கள். அமெரிக்கக் காரின் மேல் நம்மவர்க்கு எழும் ஏக்கம் பெரும்பாலும் திரையிலும் நாட்காட்டிப் படங்களிலும் கண்டதற்கான ஏக்கம். சொந்த வாழ்க்கையில் ஏறி இருந்ததற்கானது அல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட, முன்னமே வந்திருந்த பிரித்தானிய வண்டிகளே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி இங்கே ஓடின. பிள்ளைப்பேற்றுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனதும், சாமான்களோடு புகையிரத நிலையத்துக்குப் போனதும், 1995 ஒக்ரோபரில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது ஒன்பது பேர் ஏறித் தென்மராட்சிக்குப் போனதும் அவற்றில்தான். எங்கள் பெரியம்மா கேம்பிரிட்ஜின் பின்கதவுப் பிடியைத் தொட்டவுடனேயே, அதை மேலே தூக்கி இழுக்கவேண்டும் என்று தனக்குத் தெரியும் என்றார். செவர்லேயைப் பற்றி அவர் சொன்னது, "வடிவாத்தான் இருக்கு, ஆரின்ர கார்?" என்பது மட்டுமே.

ஆனாலும் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது முழுச் சரியல்ல. ஏ55 கேம்பிரிட்ஜின் பின்பக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 1959இல் வந்த அந்த இரண்டாம் வடிவத்தை வரைந்தது இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனம்; அதன் விளக்குகளுக்கு மேலே எழும்பி நிற்பவையும் துடுப்புகளே. அமெரிக்காவில் கிளம்பிய மோகம் ஐரோப்பாவைச் சுற்றிச் சிறுத்து, 1,489 சிசி இயந்திரமுள்ள ஒரு குடும்பக் காரின் வாலில் ஏறி, நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1961இல் வந்த ஏ60இல் அந்தத் துடுப்புகளைத் தணித்துவிட்டார்கள். மணப்பந்தல் வாசலில் இரண்டு கார்களும் முன்னும் பின்னுமாக நின்றபோது அந்த உறவு எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. நிலையத்தார் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டணத்தில் கொடுத்தால் நல்லது, இப்போது தனித்தனியாகவே வாங்குகிறார்கள்.

ஓட்டத்தைப் பற்றி நீட்ட அவசியமில்லை. நேரான அகல வீதியில், பலாலி வீதி போன்றதில், பெல் எயார் மிதந்து போகிறது. மெதுவான வில்களின் தாலாட்டில் தோழன் கொட்டாவி விட்டார். நான்கு சில்லுக்கும் பழைய முறை பிறேக் என்பதால் சாரதி முன்கூட்டியே மிதிக்கிறார். இடைஞ்சல் ஒழுங்கையில் தொடங்கியது. கொக்குவிலில் பெண்வீட்டு ஒழுங்கை, இருபுறமும் மதில் எழும்பிய பிறகு, வான் ஒன்று போகும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. முடக்கில் காரின் மூக்கு ஒரு மதிலையும் துடுப்பு மறு மதிலையும் நெருங்க, ஒருவர் முன்னால் நின்று "வா, வா, நில்" என்று கத்த, மேளம் நின்றுவிட, சாரதி ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பித் திருப்பி முன்னும் பின்னுமாக எடுத்தார். வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. அந்தத் திறமைக்கு அவருக்குத் தனியாகக் கைவிசேடம் கொடுத்தோம். கேம்பிரிட்ஜ் அதே முடக்கில் நிற்காமல் திரும்பியது.

சேவையில் பாராட்டவேண்டியது நேரம். முகூர்த்தத்துக்கு வெகு முன்னரே இரண்டு வண்டிகளும் கழுவித் துடைத்து வந்து நின்றன. சாரதிகள் வெள்ளை வேட்டி சேட்டில் வந்தார்கள். பூ அலங்காரத்துக்கு ஒரு கடும் விதி வைத்திருக்கிறார்கள்: பெயின்ற்றில் ஒட்டுநாடா படக்கூடாது, றிபன் கட்டுவதானால் பம்பரிலும் கதவுப் பிடியிலும் மட்டும். எங்கள் பூக்காரர் முணுமுணுத்தார், ஆனால் விதி நியாயமானது. நியாயமில்லாதது, முற்பணம் கொடுத்த பிறகே கிலோமீற்றர் வரம்பைப் பற்றிச் சொன்னதும், வரம்பு தாண்டியதற்கு மேலதிகமாக வாங்கியதும். புதிய சொகுசுக் கார் ஒன்றின் வாடகையைப்போல் பெல் எயாருக்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அதில் பாதிக்கும் குறைவு.

என்னைக் கேட்டால், பிரதான வீதியோரத்து மண்டபத்தில் கலியாணம் நடப்பதானால் மாப்பிள்ளைக்குப் பெல் எயாரைப் பிடிக்கலாம். தலைப்பாகைக்கும் படங்களுக்கும் அது கொடுத்த காசுக்குத் தகும். வீடு ஒழுங்கைக்குள் இருந்தால், அல்லது வீட்டில் முதியவர்கள் இருந்தால், கேம்பிரிட்ஜே போதும். எதைப் பிடித்தாலும் கிலோமீற்றர் வரம்பை முற்பணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செவர்லேயானால் ஒழுங்கையின் முடக்கை அளந்து சாரதிக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பெல் எயார் என்பதால், நாள் பார்த்த கையோடு பதிவுசெய்யவேண்டியிருக்கும்.