பத்து நிமிடம் ஓடிய இன்ஜினை நம்பிப் பணத்தைக் கொடுத்தேன்: பழைய பிக்கப்பின் ஒயரிங்கில் நான் ஏமாந்த விதம்

பழைய பிக்கப் வண்டியில் வேறு இன்ஜின் ஏற்றி, அதன் ஒயரிங் வேலையை ஒரு பட்டறையிடம் ஒப்படைக்க நினைப்பவர்கள், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். என்னை ஏமாற்றிய பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. என்ன செய்தார்கள், அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

வண்டி 1971ஆம் ஆண்டின் ஷெவர்லே சி10. கார்புரேட்டரும், தீப்பொறிக்கான சுவிட்சாக வேலை செய்யும் பிளாட்டினம் பாயிண்ட்டும் வைத்த பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, 1999 முதல் ஷெவர்லே பிக்கப்களில் வந்த 5.3 லிட்டர் வி8 இன்ஜினை ஏற்றினேன். இன்ஜினை உட்காரவைத்ததும் கியர்பாக்ஸைப் பொருத்தியதும் நானும் என் நண்பரும்தான். ஒயரிங் மட்டும் எங்கள் கைக்கு மிஞ்சியது என்று தோன்றியதால் பட்டறையைத் தேடிப் போனேன். இந்த இன்ஜினுக்கென்றே புதிதாகச் செய்த ஹார்னஸ் (ஒயர்களும் கனெக்டர்களும் சேர்ந்த கட்டு) போடுவதாகவும், வேலை முடிந்ததும் வரைபடம் தருவதாகவும் அவர்கள் வாக்களித்தார்கள். எதையும் எழுதி வாங்காமல் முக்கால் பங்குப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று ஒரே செல்ஃபில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் ஐடிலிங்கில் சீராக ஓடியது. மகிழ்ச்சியில் மீதியையும் கொடுத்துவிட்டு வண்டியைச் சாலைக்கு எடுத்து வந்தேன். ஒரு மேட்டில் ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தியதும் இன்ஜின் திணறியது, இருமியது, நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்துத் திரும்பப் பிடித்து, மெதுவாக ஓட்டினால் ஓடியது. அழுத்தினால் மறுபடி நின்றது.

திருப்பிக் கொண்டுபோனபோது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ போய்விட்டது என்றார்கள். பழைய சந்தையில் இன்னொன்றை வாங்கிக் கொடுத்தேன். திருட்டுத் தடுப்புப் பூட்டை அதிலிருந்து நீக்க மறுபடியும் புரோகிராமிங் செய்ய வேண்டியிருந்ததால், அதற்கும் தனியாகப் பணம் கேட்டார்கள். மாற்றிய பின்னும் அதே மேட்டில் அதே திணறல். இம்முறை பெட்ரோல் பம்ப் பலவீனம் என்றார்கள். இசியூ சொல்லும் குறைகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, பழைய வண்டியில் ஸ்கேனர் வேலை செய்யாது என்று பதில் வந்தது. இன்ஜினும் இசியூவும் 1999க்குப் பிந்தையவை என்னும்போது வண்டியின் வயதுக்கும் ஸ்கேனருக்கும் என்ன சம்பந்தம்? வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்து, டாஷ்போர்டை நானே கழற்றினேன்.

பதினாறு பின் கொண்ட ஸ்கேனர் சாக்கெட் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் டேப் சுற்றிச் செருகப்பட்டிருந்தது. அதன் பதினாறாம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வரவேண்டும். அங்கே ஒயரே இல்லை. செக் இன்ஜின் விளக்குக்கும் இணைப்பு கொடுக்கவில்லை. குறையைச் சொல்லக்கூடிய இரண்டு வாய்களையும் கட்டிவிட்டு, இசியூ போய்விட்டது என்று எனக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள்.

இசியூ, தீப்பொறி தரும் காயில்கள், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் சாவி போட்டால் வரும் மின்சாரத்தை, பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன அதே ஒயரிலிருந்து எடுத்திருந்தார்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12.4 வோல்ட் காட்டியது. இசியூ கனெக்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரின் முனைக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவே ஒரு பழைய ஹெட்லைட் பல்பை மாட்டினேன். பல்பின் இழை மங்கலான செம்மஞ்சள் நிறத்துக்கு மேல் போகவில்லை. மீட்டர் இப்போது பேட்டரி வோல்ட்டேஜுக்கு வெகு கீழே காட்டியது. ஒயரைப் பின்தொடர்ந்து போனபோது, துணி உறை போட்ட ஒரு நீளம் கைக்கு அகப்பட்டது. அது சாதாரணச் செம்பு ஒயர் அல்ல, ரெசிஸ்டன்ஸ் ஒயர்.

பிளாட்டினம் பாயிண்ட் காலத்து வண்டிகளில், காயிலும் பாயிண்ட்டும் கருகிவிடாமலிருக்க, ஓடும்போது வோல்ட்டேஜைக் குறைப்பதற்காகவே இந்த ஒயரைப் போட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஓம் என்று வைத்துக்கொண்டால், ஐடிலிங்கில் 2 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் இழப்பு. எப்படியோ சமாளித்து ஓடிவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் காயில்கள் அடிக்கடி தீப்பொறி விடுகின்றன, இன்ஜெக்டர்கள் அதிக நேரம் திறந்திருக்கின்றன. 5 ஆம்பியருக்கே 7.5 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகிறது. நின்ற இடத்தில் சீராக ஓடிய இன்ஜின் மேட்டில் நின்றதன் காரணம் இவ்வளவுதான். முதல் இசியூவுக்கு எந்தக் கேடும் இல்லை. சுமை இல்லாமல் மீட்டர் காட்டும் வோல்ட்டேஜை நம்பக் கூடாது என்பது ஒயரிங் செய்கிறவர்களின் அரிச்சுவடி. அது தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே அடுத்தடுத்துப் பாகங்களை விற்கப் பார்த்தார்களா என்பதை அவர்களே சொல்லட்டும்.

அடுத்ததாகப் பார்த்தது என்னைப் பயமுறுத்தியது. பெட்ரோல் பம்பின் ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இசியூ இயக்க வேண்டும். சாவி போட்டதும் சுமார் இரண்டு வினாடி மட்டும் பம்பை ஓடவிட்டு நிறுத்தி, இன்ஜின் சுழல்வதை சென்சார் சொன்ன பிறகே அது மறுபடி ஓடவிடும். இவர்கள் ரிலேயை இழுக்கும் சுருளின் இரு முனைகளில் 86ஐச் சாவியிலும் 85ஐ நேராக எர்த்திலும் மாட்டியிருந்தார்கள். அதாவது இன்ஜின் நின்றாலும், வண்டி எதிலாவது மோதிப் பெட்ரோல் குழாய் அறுந்தாலும், சாவி இருக்கும் வரை பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் வண்டியின் பம்ப் 4 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் வேலை செய்தது. இந்த இன்ஜினுக்கு 58 பிஎஸ்ஐ அளவில் வேண்டும். அந்த அழுத்தத்தில் சூடான எக்ஸாஸ்ட் மீது பெட்ரோல் பீய்ச்சியடிப்பதை நினைத்துப் பாருங்கள். மேட்டில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் சாவியை அணைக்காமல் நான் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டின் பழைய வெப்பமானி ஒயரை, இசியூவின் வெப்ப சென்சார் ஒயரோடு முறுக்கி இணைத்திருந்தார்கள். அந்த சென்சார் 5 வோல்ட்டில் வேலை செய்வது. பழைய மீட்டரின் மின்சாரம் அதில் கலந்ததால், ரேடியேட்டரைத் தொட முடியாத சூட்டிலும், சாக்கெட்டுக்கு மின்சாரம் கொடுத்து நான் மாட்டிய ஸ்கேனர் 20 டிகிரி என்றது, இசியூவும் குளிர்ந்த இன்ஜினுக்கு ஊற்றுவதுபோலப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள பயர்வால் தகட்டில் ஒயர்கள் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு இரண்டு ஒயர்களின் உறையைத் தின்றிருந்தது. 15 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ். 'புதிய ஹார்னஸ்' என்பது உடைத்த வண்டியிலிருந்து வெட்டியெடுத்ததுதான் என்பதை, உறையைப் பிரித்ததும் கிடைத்த பழைய எண்ணெய்ப் பிசுக்கும் பதினேழு முறுக்கு இணைப்புகளும் சொல்லிவிட்டன. ஒன்றில்கூடச் சால்டரும் இல்லை, உலோக முனையை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப்பும் இல்லை. வெறும் இன்சுலேஷன் டேப்.

இந்த வேலையைக் கொடுப்பவர்கள், ஹார்னஸுக்கு உறை சுற்றுவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். வரைபடம் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். உங்கள் ஸ்கேனரைக் கொண்டுபோய் மாட்டி, குளிர்ந்த இன்ஜினின் வெப்ப அளவும் வெளிக்காற்றின் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுப் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். சில வினாடிகளில் அது அடங்காவிட்டால் வண்டியைப் பெற்றுக்கொள்ளாதீர்கள். இசியூவின் மின்சாரத்தை, இன்ஜினின் வேகத்தைக் கூட்டியபடி அளக்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கைக் காட்டி வண்டியை ஒப்படைப்பவரிடம், மேடு ஏறிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நான் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே தடித்த ஒயரை ஒரு ரிலேயின் மின்சாரம் நுழையும் 30ஆம் முனைக்கு இழுத்து, அது வெளியேறும் 87இலிருந்து இசியூவுக்கும் காயில்களுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் கொடுத்தேன். சாவியின் ஒயர் இப்போது ரிலேயை இழுக்க மட்டுமே பயன்படுகிறது. பம்பின் ரிலேயை இசியூவிடமே ஒப்படைத்துவிட்டேன். போய்விட்டது என்று சொன்ன முதல் இசியூவை மாட்டித்தான் அந்த மேட்டில் ஏறினேன், ஏறியது. படங்களுடன் பட்டறைக்கு எழுதியதற்கு, வெளியாள் கைவைத்த வண்டிக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரியில் பதில் வந்தது. வரைபடம் இன்னும் வரவில்லை.